செக்: ஒரு ராஜாவோட பேர்

அக்கா பையனுக்கு எட்டு வயசு, இப்பதான் செஸ் கத்துக்கறான். குதிரை ரெண்டு கட்டம் போய் பக்கவாட்டுல ஒரு கட்டம் திரும்பணும்ங்கறதுலயே இன்னும் தடுமாறுறான், ஆனா கேள்வி கேக்கறதுல மட்டும் தடுமாற்றமே கிடையாது. போன வாரம் என் ராஜாவுக்கு நேரா ராணியைக் கொண்டுவந்து வச்சுட்டு "செக்"ன்னு கத்திட்டு, உடனே நிமிந்து பாத்து கேட்டான்: "சித்தி, ஏன் செக்குன்னு சொல்லணும்? மிஸ் நோட்டு பாக்கறதும் செக்தானே, பேங்க்ல குடுக்கறதும் செக், அப்பாவோட கட்டம் போட்ட சட்டையும் செக். எல்லாம் ஒரே செக்கா, வேற வேறயா?"

நான் யோசிக்காம பதில் சொன்னேன். செக்குன்னா சரிபாக்கறதுடா, உன் ராஜா பத்திரமா இருக்கானான்னு ஒரு தடவை சரிபாத்துக்கோன்னு எதிராளி எச்சரிக்கை குடுக்கறான், அதான் செக். அவனும் சரின்னு தலையாட்டிட்டான். எனக்குத்தான் மனசு ஒப்பல, ஏன்னா சட்டைக்கும் பேங்குக்கும் இந்த பதில் ஒத்துவரவே இல்ல. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சொற்பிறப்பு அகராதியை எடுத்து உக்காந்தேன், ரெண்டு மணி வரைக்கும் எந்திரிக்கல. நான் சொன்னது தப்புன்னு மட்டும் இல்ல, அப்படியே தலைகீழ். சரிபாக்கற செக்ல இருந்து செஸ் செக் வரல. செஸ் பலகைல இருந்துதான் மத்த எல்லா செக்கும் கிளம்பி வந்திருக்கு, சட்டை, பேங்க், மிஸ்ஸோட சிவப்பு பேனா எல்லாமே. அதைவிட பெரிய விஷயம், செக்குங்கற சொல்லுக்கு முதல் அர்த்தம் "ராஜா".

பாரசீக மொழில ஷா-ன்னா ராஜா. ஆட்டத்துல எதிராளியோட ராஜாவைத் தாக்கும்போது "ஷா!"ன்னு குரல் குடுப்பாங்க, அதாவது "ராஜா! உன் ராஜாவைப் பாத்துக்க!"ன்னு. அவ்வளவுதான் செக்கோட ஆரம்பம், ஒரு கூப்பாடு.

ஷாங்கற சொல்லே ரொம்ப பழசு. பழைய பாரசீகத்துல அதோட உருவம் க்ஷாயதிய. இப்ப ஈரான்ல இருக்கற பெஹிஸ்துன் மலைல, கி.மு. 520-ஐ ஒட்டி முதலாம் டேரியஸ் பாறைல வெட்டி வச்ச கல்வெட்டு இருக்கு, அதோட முதல் வரியே "நான் டேரியஸ், மாபெரும் க்ஷாயதிய, க்ஷாயதியர்களுக்கெல்லாம் க்ஷாயதிய"ன்னுதான் ஆரம்பிக்கும். ராஜாதி ராஜன். இதைத்தான் பின்னால ஷாஹென்ஷான்னு சொன்னாங்க. டேரியஸோட மகன் பேரை கிரேக்கர்கள் செர்க்ஸஸ்னு உச்சரிச்சாங்க, அந்தப் பேர்லயும் முன்னால இருக்கறது இதே "ஆளுற" வேர்தான். சமஸ்கிருதத்துல க்ஷத்ர-ன்னா ஆட்சி, அதிகாரம், அதுல இருந்துதான் க்ஷத்ரியர். க்ஷத்ரியரும் ஷாவும் ஒரே வேர்ல கிளைச்ச ரெண்டு சொல். சத்ரியர்ங்கற சொல் நமக்கு சின்ன வயசுல இருந்தே காதுல விழுந்த சொல்தான், மிஸ் நோட்டுல போடற செக் அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் புல்லரிச்சுது.

ஆட்டம் போன வழி எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான். இந்தியால சதுரங்கம், பாரசீகத்துல சத்ரங், அரபு நாடுகள்ல ஷத்ரஞ்ச், அங்கேர்ந்து ஐரோப்பா. ஆனா பேர் போன வழிதான் சுவாரஸ்யம். ஸ்பெயின்காரங்களும் போர்ச்சுகீசியரும் ஆட்டத்தோட பேரை அப்படியே வாங்கிக்கிட்டாங்க, ஸ்பானிஷ்ல அஹெத்ரேஸ், போர்ச்சுகீஸ்ல ஷத்ரேஸ், காதுல வாங்கினாலே உள்ள சதுரங்கம் இருக்கறது கேக்கும். மத்த ஐரோப்பா முழுக்க அந்த கூப்பாட்டையே ஆட்டத்துக்குப் பேரா வச்சுட்டாங்க. ஜெர்மன்ல ஷாக், இத்தாலியன்ல ஸ்காக்கி, இடைக்கால லத்தீன்ல ஸ்காக்குஸ். பிரெஞ்சுக்கு வரும்போது முன்னால ஒரு எ சேந்துக்கிச்சு, எஸ்செக். இது ஏன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஸ்கூலை இஸ்கூலுன்னும் ஸ்டேஷனை இஸ்டேஷன்னும் சொல்ற வாய் நம்மளோடது. சொல்லோட தொடக்கத்துல ஸ்-ம் இன்னொரு மெய்யும் சேந்து வந்தா ஒரு உயிரெழுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் அதுக்குள்ள இறங்குவோம், பழைய பிரெஞ்சுக்காரங்களுக்கும் அதே வாய்தான் இருந்திருக்கு.

ஆங்கிலத்துக்குள்ள வந்தப்ப அந்த எஸ் உதுந்துபோய் செக் ஆச்சு. பிரெஞ்சுல ஒருமை எஸ்செக், பன்மை எஸ்செஸ். ஒருமைல இருந்து ஆங்கிலத்துக்கு செக் வந்துச்சு, பன்மைல இருந்து செஸ் வந்துச்சு. அதாவது செஸ்ங்கறது செக்கோட பன்மை! செஸ் விளையாடறோம்னு சொல்லும்போதெல்லாம் "ராஜாக்கள் விளையாடறோம்"னுதான் சொல்லிட்டிருக்கோம். இதை படிச்சுட்டு நான் அகராதியை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

செக்மேட் அதே குடும்பம்தான், பாரசீகத்துல ஷா மாத். அரபில மாத-ன்னா செத்தான், அதனால "ராஜா செத்தான்"னு ரொம்ப காலமா அர்த்தம் சொல்லிட்டு வர்றாங்க. ஆனா பாரசீகத்துல மாத்-ன்னா திகைச்சுப்போன, கதியத்துப்போனன்னு அர்த்தம், எனக்கு அதுதான் சரியாப் படுது. ஏன்னா செஸ்ல ராஜா சாகறதே இல்ல. மத்த எல்லா காயையும் வெட்டி பலகையை விட்டு வெளில எடுத்து வைப்போம், ராஜாவை மட்டும் யாரும் கையால தூக்கறதில்ல. போக இடமில்லாம நிக்கறான், அதோட ஆட்டம் முடிஞ்சுது. ஆட்டத்தோட விதியே மாத்-துக்கு அர்த்தம் சொல்லிடுது.

சரி, இப்ப கட்டம் போட்ட சட்டை. பிரெஞ்சுல செஸ் பலகைக்கு எஸ்செக்கியேன்னு பேர், லத்தீன்ல ஸ்காக்காரியம். பலகைல கட்டம் இருக்கு, அதனால கட்டம் போட்ட துணி எல்லாம் செக்கர்டு, சுருக்கி செக்ஸ். கார் ரேஸ் முடியும்போது ஆட்டற கறுப்பு வெள்ளைக் கொடியும் அப்படித்தான். பிரிட்டிஷ் போலீஸ் தொப்பியைச் சுத்தி ஒரு கட்டம் போட்ட பட்டை பாத்திருப்பீங்க, அது 1930-கள்ல கிளாஸ்கோ போலீஸ் தலைவரா இருந்த பெர்சி சில்லிட்டோ கொண்டுவந்தது, அவர் பேராலயே சில்லிட்டோ டார்ட்டன்னு சொல்றாங்க. இதுல பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல, பாத்தாலே தெரியற உறவு.

சொல்ல நிறைய இருக்கறது அந்தப் பலகை இன்னொரு வேலைக்குப் போன கதைல. இதுதான் என்னை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்கார வச்சுது.

பிரிட்டனோட நிதி அமைச்சருக்கு இன்னிக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்னுதான் பேர். எக்ஸ்செக்கர்னா கஜானான்னு பொதுவா அர்த்தம் சொல்லிட்டுப் போயிடுவோம். உண்மைல அது ஒரு மேசை. முதலாம் ஹென்றி இங்கிலாந்தை ஆண்ட காலம் 1100-ல இருந்து 1135 வரைக்கும், அந்தக் காலத்துலதான் ராஜாவுக்கு வர்ற வரவை கணக்குப் பாக்க இந்த ஏற்பாடு உருவாச்சு, சாலிஸ்பரி பிஷப் ரோஜர்தான் அதை நடத்தினவர். 1130-ல எழுதின கணக்குச் சுருள் ஒண்ணு இன்னும் பத்திரமா இருக்கு. அந்த ரோஜரோட உறவுக்காரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், பின்னால ராஜாவோட பொருளாளரா இருந்தவர், 1170-கள் கடைசில எக்ஸ்செக்கர் எப்படி நடக்குதுன்னு லத்தீன்ல ஒரு புத்தகமே எழுதி வச்சிருக்கார், குரு சிஷ்யன் பேசிக்கற மாதிரி. அதுல அந்த மேசையை நம்ம கண்ணு முன்னால கொண்டுவந்து வைக்கறார். பத்தடி நீளம், அஞ்சடி அகலம், மேல வைக்கறது உருண்டு கீழ விழக் கூடாதுன்னு நாலு பக்கமும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதுமேல ஒரு கறுப்புத் துணி, சாதாரண துணி இல்ல, கோடு கோடா போட்டது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல ஒரு அடியோ, விரிச்ச கை அளவோ இடைவெளி. ஈஸ்டருக்கு புதுசா வாங்கி விரிப்பாங்க.

எதுக்கு கோடு? அப்ப அங்க எண்களை ரோமன் எழுத்துல எழுதினாங்க, பூஜ்யம் கிடையாது, இட மதிப்பு கிடையாது, அந்த எழுத்தை வச்சு தாள்ல கூட்டிக் கழிக்கறது பெரும்பாடு. அதனால கணக்கை துணிமேல வில்லைகளை வச்சுப் போட்டாங்க. வலது ஓரப் பத்தி பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, அதுக்கடுத்தது இருபது இருபது பவுண்டா, அப்புறம் நூறு, ஆயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு மாவட்ட அதிகாரி, அவங்க பாஷைல ஷெரிஃப், 236 பவுண்டு 7 ஷில்லிங் 4 பென்னி கட்டணும்னு வைங்க. நூறு பத்தில 2 வில்லை, இருபது பத்தில 1, பவுண்டு பத்தில 16, ஷில்லிங்ல 7, பென்னில 4. அவர் ஏற்கனவே கட்டினதை அதுக்குக் கீழ இன்னொரு வரிசையா அடுக்குவாங்க, மேல இருந்து கீழ கழிச்சுட்டு வந்தா மிச்சம் எவ்வளவுன்னு மேசைமேலயே தெரிஞ்சிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபா இருந்தாலும் தன்னோட கணக்கு கண்ணு முன்னால கரையறதைப் பாக்க முடியும், யாரும் ஏமாத்த முடியாது, அவராலயும் ஏமாத்த முடியாது. பூஜ்யத்தை எழுதத் தெரியாத ஊர்ல, காலியா விட்ட பத்தியே பூஜ்யமா இருந்திருக்கு. எனக்கு இது அவ்வளவு அழகாப் படுது.

அந்தப் புத்தகத்துல சிஷ்யன் நம்ம வீட்டுப் பையன் கேட்ட அதே கேள்வியைத்தான் கேக்கறான், இதுக்கு ஏன் எக்ஸ்செக்கர்னு பேர்? குரு சொல்றார், ஒண்ணு, செஸ் பலகை மாதிரியே இருக்கறதால. அதோட விடல. செஸ்ல ரெண்டு பக்கமும் படை அணிவகுத்து நிக்கற மாதிரி இங்கயும் ஒரு சண்டை நடக்குது, பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும், மத்தவங்க சுத்தி உக்காந்து தீர்ப்பு சொல்றாங்க, அப்படின்னு. எண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கணக்குத் தணிக்கைக்குப் போய் உக்காந்த யாருக்கும் அந்த உவமை இன்னிக்கும் புரியும்.

எழுத்துக்கூட்டல்ல முன்னால எக்ஸ் வந்ததுகூட ஒரு தப்பான திருத்தம்தான். எஸ்-ன்னு ஆரம்பிக்கற பிரெஞ்சு சொல் பல லத்தீன் எக்ஸ்-ல இருந்து வந்தது, அதனால இதுவும் அப்படித்தான் இருக்கும்னு படிச்சவங்க நினைச்சு எஸ்-ஐ எக்ஸ் ஆக்கிட்டாங்க. வாய் சுலபத்துக்குப் போட்ட ஒரு எ, கடைசில நிதி அமைச்சர் பட்டத்துல போய் உக்காந்துக்கிச்சு.

பணம் கட்டினதுக்கு ரசீது வேணுமே, அதுக்கு குச்சி. ஹேசல் மரக் குச்சில தொகைக்கு ஏத்தபடி வெட்டு போடுவாங்க. ஆயிரம் பவுண்டுன்னா உள்ளங்கை தடிமனுக்கு வெட்டு, நூறுன்னா கட்டைவிரல் அகலம், இருபதுன்னா சுண்டுவிரல், ஒரு பவுண்டுன்னா முத்தின பார்லி மணி அளவு, பென்னிக்கு மரத்தைச் செதுக்காம வெறும் கீறல். அப்புறம் குச்சியை நீளவாக்குல பிளந்து, பணம் கட்டினவருக்கு ஒரு பாதி, கஜானாவுக்கு ஒரு பாதி. சந்தேகம் வந்தா ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும், வெட்டு வெட்டோட பொருந்தணும், மர ரேகையும் பொருந்தணும். இந்த ஏற்பாடு 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஓடிச்சு. மிஞ்சின பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபைக்கு அடில இருந்த உலைகள்ல போட்டு எரிச்சாங்க, சூடு தாங்காம தீப்பிடிச்சு, ராத்திரிக்குள்ள பிரிட்டிஷ் பாராளுமன்றத்தோட ரெண்டு சபையுமே எரிஞ்சுபோச்சு. இப்ப நாம படத்துல பாக்கற பாராளுமன்றக் கட்டடம் அதுக்கப்புறம் கட்டினது.

இந்த "பிளந்து வச்சுப் பொருத்திப் பாக்கறது"ங்கற எண்ணத்தை கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பேங்க் செக்குக்கு வேணும்.

அதுக்கு முன்னால, நிறுத்தறதுங்கற அர்த்தம். ராஜாவுக்கு செக் வச்சா எதிராளி நினைச்ச எந்த நகர்த்தலையும் செய்ய முடியாது, எல்லாத்தையும் போட்டுட்டு ராஜாவைக் காப்பாத்தணும். ஓடிட்டிருந்த ஆட்டம் சட்டுன்னு நிக்குது. அதனால செக்குன்னா திடீர் தடைன்னு ஆச்சு. வேட்டை நாய்ங்க மோப்பத்தை விட்டுட்டு திகைச்சு நின்னா அது ஒரு செக். பழக்கின பருந்து குறி வச்ச பறவையை விட்டுட்டு குறுக்க வந்த வேற பறவை பின்னால போனா அதுக்கும் செக்குன்னுதான் பேர். ஐஸ் ஹாக்கில பந்துக்குப் பதிலா வச்சு ஆடற பக்-ங்கற தட்டை வில்லையை வச்சிருக்கறவனை தோளால இடிச்சு நிறுத்தறது பாடி செக். தண்ணிக் குழாய்ல செக் வால்வுன்னு ஒண்ணு உண்டு, தண்ணியை ஒரு பக்கமா விடும், திரும்ப வந்தா மூடிக்கும். நம்ம இதயத்துக்குள்ள இருக்கற வால்வும் இதே வேலையைத்தான் நாள் முழுக்க செய்யுது, லப் டப்புங்கற அந்த சத்தமே வால்வுங்க மூடற சத்தம்தான்.

நிறுத்தறது எப்படி சரிபாக்கறதா மாறிச்சு? நடுவுல ஒரு படி இருக்கு. கட்டுக்குள்ள வைக்கறது, தப்பு நடக்காம தடுக்கறது, அப்படின்னா தப்பு நடந்திருக்கான்னு பாத்தாகணுமில்ல? அப்படித்தான் 17-ஆம் நூற்றாண்டு முடியறப்ப செக்குக்கு சரிபாக்கறதுன்னு அர்த்தம் வந்து சேந்துச்சு. நான் பையன்கிட்ட முதல் அர்த்தம்னு சொன்னது உண்மைல ரொம்ப பிந்தி வந்த அர்த்தம்.

இங்க இன்னொரு சொல்லைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும், கன்ட்ரோல். இதுக்கு மூலம் கான்ட்ர ரோல், எதிர்ச் சுருள். கணக்குச் சுருள்ல ஒரு நகல் எடுத்து தனியா வச்சுக்கிட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கறது. எக்ஸ்செக்கர்லயே அப்படி நகல் சுருள் உண்டு, பொருளாளர் ஒண்ணு வச்சிருப்பார், சான்சலர் தரப்புல இன்னொண்ணு. ஆக கன்ட்ரோல்னா முதல்ல சரிபாக்கறது, போகப் போக கட்டுப்படுத்தறதுன்னு ஆயிடுச்சு. செக்குன்னா முதல்ல தடுக்கறது, போகப் போக சரிபாக்கறதுன்னு ஆயிடுச்சு. ஒரே பாதைல எதிரும் புதிருமா நடந்து, நடுவுல ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிருக்கு ரெண்டு சொல்லும். சொற்பிறப்புல எனக்குப் பிடிச்ச விஷயம் எதுன்னு யாராவது கேட்டா இனிமே இதைத்தான் சொல்லுவேன்.

இப்ப பேங்க் செக். இங்கிலாந்துல இன்னிக்கும் கிடைக்கற பழைய செக்குகள்ல ஒண்ணு 1659 பிப்ரவரி 16 தேதி போட்டது, லண்டன்ல மோரிஸ் அண்ட் கிளேட்டன்னு ஒரு நிறுவனத்துக்கு கைப்பட எழுதினது, தொகை 400 பவுண்டு. ஆனா அப்ப அதுக்கு செக்குன்னு பேர் கிடையாது. 1717-ல பேங்க் ஆஃப் இங்கிலாந்து, மோசடி பண்ண முடியாத மாதிரி தனித் தாள்ல அச்சடிச்ச படிவத்தைக் கொண்டுவந்துச்சு, அதை வாங்க வாடிக்கையாளர் நேர்ல போகணும். 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல செக்குன்னு சொன்னது பணம் வாங்கற தாளை இல்ல, அதைக் கிழிச்சப்புறம் மிஞ்சற அடிக்கட்டையை! கிழிச்ச தாள் அசல்தானான்னு அடிக்கட்டையோட பொருத்திப் பாக்கலாம், திருட்டுத்தனத்துக்கு அது ஒரு தடை, அதனால செக். கொஞ்ச காலத்துல பேர் அடிக்கட்டைல இருந்து தாளுக்குத் தாவிடுச்சு. பிளந்த குச்சி ஞாபகம் வருதா? அதே யோசனை, மரத்துக்குப் பதிலா தாள். அமெரிக்க ரயில்கள்ல 19-ஆம் நூற்றாண்டுல பெட்டில ஒரு பித்தளை வில்லை, அதே நம்பர்ல பயணி கைல இன்னொரு வில்லை குடுப்பாங்க, அதுக்கும் செக்குன்னுதான் பேர். பேஸ்பால் ஆட்டம் மழைல நின்னுபோனா இன்னொரு நாள் வந்து பாக்க வச்சிருக்கற டிக்கெட் துண்டு ரெயின் செக், அது 1880-கள்ல வந்த சொல். எல்லாமே ஒண்ணோட இன்னொண்ணைப் பொருத்திப் பாக்கற சமாச்சாரம்.

பிரிட்டன்ல பேங்க் தாளுக்கு மட்டும் cheque-ன்னு தனி எழுத்துக்கூட்டல் வந்ததுக்கு எக்ஸ்செக்கர் (exchequer)தான் காரணம். பணம்னதும் கஜானா ஞாபகம் வந்து, கடைசி எழுத்துகளை அதே மாதிரி ஆக்கிட்டாங்க. அமெரிக்காக்காரங்க check-ங்கற பழைய எழுத்தையே வச்சுக்கிட்டாங்க. அரபில ஸக்-ன்னு ஒரு சொல் உண்டு, பணம் குடுக்கச் சொல்லி எழுதற பத்திரம், ஆங்கில செக்கே அதுல இருந்துதான் வந்துச்சுன்னு நிறைய பேர் எழுதறாங்க. அரபு வணிகர்கள் அந்த முறையை ஐரோப்பாவுக்கு முன்னாலயே வச்சிருந்தாங்கங்கறது உண்மை, அதுக்கான பெருமை அவங்களுக்குச் சேரணும். ஆனா சொல்லு அங்கேர்ந்து வரல. பேங்க் செக் ஆங்கிலத்துலயே, செக்குங்கற சொல்லோட தடை, சரிபார்ப்பு அர்த்தங்கள்ல இருந்து பிறந்ததுன்னு அடிக்கட்டையே சாட்சி சொல்லுது. ஒலி ஒத்துப்போறது மட்டும் போதாதுங்க. செக் குடியரசும் காதுக்கு அப்படியேதான் கேக்குது, அது செஹ்-ங்கற மக்களோட பேர், ஆங்கிலத்துக்கு போலிஷ் எழுத்துக்கூட்டல்ல வந்தது. எண்ணெய் ஆட்டற செக்கு நம்ம சொந்தச் சொல். இவங்க யாருக்கும் யாரும் உறவில்ல.

இவ்வளவையும் படிச்சப்புறம் எனக்குள்ள நின்னது ஒண்ணுதான். ராஜாதி ராஜன்னு மலைல வெட்டி வச்ச சொல் இது. அதே சொல் ராஜாவை நிறுத்தற சொல்லா ஆச்சு. பலகைல எதிர் ராஜாவைத் தவிர யார் வேணா அதைச் சொல்லலாம், ராணியும் சொல்லலாம், முன் வரிசைல நிக்கற சிப்பாயும் சொல்லலாம், சிப்பாய் ஒரு கட்டம் நகந்து செக்குன்னா ராஜாவைக் காப்பாத்தியே ஆகணும். அது பலகையோட நிக்கல. 1787-ல அமெரிக்காக்காரங்க அரசியல் சட்டம் எழுதினப்ப, ராஜா மாதிரி யார் கைலயும் மொத்த அதிகாரமும் போயிடக்கூடாதுன்னுதான் பயந்தாங்க. காங்கிரஸ் போடற சட்டத்தை அதிபர் வீட்டோ பண்ணலாம், அந்த வீட்டோவை ரெண்டு சபையும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டால தாண்டலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்துல பேர் செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ். ராஜா வரக்கூடாதுன்னு போட்ட வேலிக்கு ராஜாவோட பேரே பேரா அமைஞ்சிருக்கு, அதை எழுதினவங்க யாரும் இதை யோசிச்சு வச்சிருக்க மாட்டாங்க. ஈரான்ல 1979-ல கடைசி ஷா நாட்டை விட்டுப் போனார், பட்டமும் அதோட போச்சு. டேரியஸ்ல இருந்து கணக்குப் போட்டா ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஓடின சொல், இப்ப பட்டமா எந்த சிம்மாசனத்துலயும் இல்ல. ஆனா ஒவ்வொரு மிஸ்ஸோட பேனாலயும் இருக்கு.

மறுநாள் பையனை உக்கார வச்சு, நேத்து சித்தி சொன்னது தப்புடான்னு ஆரம்பிச்சு முழுசா சொன்னேன். குச்சிக் கதை ரொம்ப பிடிச்சுது, பாராளுமன்றம் எரிஞ்சது அதைவிட பிடிச்சுது. எல்லாம் கேட்டுட்டு, "அப்ப ஈரான்ல இருக்கறவங்க இப்பவும் ஷான்னுதான் சொல்லுவாங்களா?"ன்னான். அது எனக்குத் தோணவே இல்ல, மறுபடி தேடினேன். சொல்றதில்ல. பாரசீகத்துல இப்ப செக்குக்கு கிஷ்-ன்னு சொல்றாங்க, செக்மேட்டுக்கு கிஷ் ஓ மாத். கிஷ்-ங்கறது அந்த பாஷைல கோழி, குருவியை விரட்ட போடற சத்தம். ஊர் ஊரா ராஜாங்கற பேரை ஏத்துமதி பண்ணிட்டு, சொந்த வீட்டுல மட்டும் ராஜாவை கோழி விரட்டற மாதிரி விரட்டறாங்க.

அன்னிக்கு சாயங்காலம் ஆடும்போது ஒரு சிப்பாயை என் ராஜாவுக்குக் குறுக்கால தள்ளி வச்சுட்டு, ரெண்டு கையையும் வீசி "கிஷ்! கிஷ்!"ன்னான். நான் ராஜாவை ஒரு கட்டம் பின்னால நகத்தினேன்.